முப்பத்தேழாம் நம்பர் மரம்

“கரும்பலகையில மலை வரையிறது வேற, டீச்சர். ஏறி இறங்குறது வேற.”

எங்கள் தலைமையாசிரியர் இதைச் சொன்னது 1972 தை மாதம். கல்லல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருடம். ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புப் பையன்களை டிரில் மாஸ்டர் பிரான்மலைக்கு அழைத்துப் போவார். அன்றைக்குப் பெண்பிள்ளைகள் வகுப்பறைகளைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருப்பார்கள். இந்தத் தடவை பெண்பிள்ளைகளை நான் கூட்டிப் போகிறேன் என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “நீங்க அந்த மலையில ஏறியிருக்கீகளா?” என்றும் கேட்டார். குன்றக்குடிப் படிகளைத் தவிர நான் எந்த மலையிலும் கால் வைத்ததில்லை.

“வர்ற சனிக்கிழமை ஏறிட்டு வந்து சொல்றேன் சார்” என்றேன்.

“யாரோட?”

“தனியாத்தான்.”

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா புதுவயலில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். அவருக்கு இன்றும் கைநாட்டுத்தான். பள்ளிக்கூடம் போகிற ரோட்டில் புளியமரங்களுக்குப் பட்டையாக வெள்ளையடித்து நம்பர் போட்டிருக்கும். அவற்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டே நடந்துதான் நான் எண்களைப் படித்தேன். வழியில் நிற்கும் பெரியவர்கள் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை ஆறு வயதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினேன். “துணைக்கு யாரு?” என்று அம்மா நாலு தரம் கேட்டது. அப்பா, “கடைசி பஸ்ஸ விட்டுறாத” என்று மட்டும் சொன்னார். காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று பஸ் மாறிப் போய் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு தோள்பையில் புளிச்சோற்றுப் பொட்டலமும் ஒரு பாட்டில் தண்ணீரும். செருப்பை அடிவாரத்துக் கடையில் விட்டேன். மேலே தர்கா இருக்கிறது. ஏறுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் போவார்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

முதல் முக்கால் மணி நேரம் ஒரு கஷ்டமும் இல்லை. காற்று நன்றாக இருந்தது. இதற்குத்தானா இத்தனை பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பாதை ஓர் அகலமான பாறையில் போய் முடிந்தது. அதற்கு மேல் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். இடது பக்கத்தில் ஒரு மரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசி, கறுப்பில் 11 என்று எழுதியிருந்தது. கொஞ்சம் தள்ளி 12.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. நம்பர் போட்டிருந்தால் அது வழி. சின்ன வயதிலிருந்து என் கால்களுக்குத் தெரிந்தது அதுதான். பதின்மூன்று, பதினான்கு என்று வாசித்துக்கொண்டே போனேன். சரிவு செங்குத்தாகிக்கொண்டே போனது. கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. இருபத்தெட்டுக்கு மேல் முள் புடவையை இழுத்தது. நம்பரை விட்டுவிடக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்தேன். கடைசியாக ஒரு வேரைப் பிடித்துத் தம் கட்டி ஒரு திட்டின் மேல் ஏறினேன். நான் ஏறி முடிக்கவும் வேர் கையோடு வந்துவிட்டது.

அந்தத் திட்டில் முப்பத்தேழாம் நம்பர் மரம் நின்றது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. மேலே நெட்டுக்குத்தான பாறை. முன்னால் வெறும் பள்ளம். திரும்பி இறங்கலாம் என்றால், பிடித்து ஏறிய வேர் இல்லை. காலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். காய்ந்த புல் வழுக்கியது. சட்டென்று காலை இழுத்துக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்தேன்.

கீழே தூரத்தில் ஆடு மேய்க்கிறவர்களின் குரல் கேட்டது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஆள் வரும், ஆள் வந்தால் ஊருக்குத் தெரியும், சிங்கம்புணரிக்காரர் ஒருவர் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறார். திங்கட்கிழமை தலைமையாசிரியர் ஒன்றும் பேசமாட்டார். சிரிக்க மட்டும் செய்வார். அதோடு பெண்பிள்ளைகளின் மலை முடிந்தது. வருகிற வருடமும் அவர்கள் கையில் துடைப்பம்தான். அதனால் நானாகவே இறங்கிவிடுவது என்று உட்கார்ந்திருந்தேன். அப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. தண்ணீர் தீர்ந்தது.

அப்போது பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள், தலையில் சும்மாட்டோடும் கையில் சாக்கோடும் எனக்குக் கீழே வந்து நின்றார்கள். ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி. இன்னொருத்தி கொஞ்சம் மூத்தவள்.

“யக்கா, அங்குட்டு என்ன பண்றீக?” என்று மூக்குத்திக்காரி கேட்டாள்.

“சும்மாதான். காத்து வாங்குறேன்” என்றேன்.

என் வாயா அதைச் சொன்னது என்று இப்போதும் யோசிப்பதுண்டு. அவள் என்னைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். “சரி, வாங்குங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே பாறை திரும்பி மறைந்துவிட்டார்கள்.

அவர்கள் பேச்சு தேய்ந்துகொண்டே போனதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மலையில் சத்தம் அடங்கும்போது மொத்தமாக அடங்கிவிடுகிறது. அந்த அமைதியில்தான் ஒரு யோசனை வந்தது. இதே திட்டில் என் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்து, டீச்சர் என்ன நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தால்? அவளை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

“யக்கா... இறங்கத் தெரியல. கொஞ்சம் வாங்களேன்” என்று கத்தினேன். தொண்டை வறண்டு முதல் தடவை சத்தமே வரவில்லை. மூன்றாவது தடவைதான் கேட்டிருக்க வேண்டும்.

அவர்கள் அவசரப்படாமல் திரும்பி வந்தார்கள். “காத்து வாங்கி முடிஞ்சிருச்சா?” என்றாள் மூக்குத்திக்காரி. மூத்தவள், “ஏய், சும்மா இருடி, மொகம் வெளிறிக் கெடக்கு” என்று அவளை அதட்டினாள்.

“முன்னாடி பாத்து இறங்காதீக. பாறையைப் பாத்துத் திரும்பிக்கிட்டு, ஏறுற மாதிரியே இறங்குங்க” என்று சொல்லிவிட்டு, மூக்குத்திக்காரி பாதி தூரம் ஏறி வந்து என் கணுக்காலைப் பிடித்தாள். எனக்குக் கூசியது. “காலைத் தொடாதீக” என்றேன்.

“தொடாம எப்படி வைக்கிறது? மந்திரம் போட்டா காலு வந்து உக்காரும்?”

பாறையில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே என் பாதத்தைக் கொண்டுபோய் வைத்தாள். இது, அடுத்தது இது என்று ஒவ்வொன்றாக. எட்டோ ஒன்பதோ அடிவைப்புதான். தரைக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூத்தவள் மடியிலிருந்து இரண்டு நெல்லிக்காயை எடுத்துக் கொடுத்தாள்.

“இங்க எதுக்கு ஏறுனீக? நாங்களே காய்க்குத்தான் ஏறுவோம்.”

“நம்பர் போட்டிருந்துச்சு. அதுதான் வழின்னு...”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெல்லி குத்தகைக்கு எடுத்தவர் தன் மரங்களுக்குப் போட்ட நம்பராம் அது. மூக்குத்திக்காரி சாக்கைக் கீழே போட்டுவிட்டு, உட்கார்ந்து சிரித்தாள். “நாங்க ரெண்டு பேரும் அதுல ஒரு எழுத்தும் அறியோம். அதான் இத்தன வருசமா வழி தப்பல” என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

பாதை முடிந்த அந்த அகலப் பாறைக்கு என்னைக் கூட்டிவந்து காட்டினாள். நான் தேடியது கண் முன்னால்தான் இருந்தது. பாறையின் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் கல் வழவழவென்று, மற்ற இடத்தைவிட வெளுத்துக் கிடந்தது. எத்தனையோ பேர் வெறுங்காலோடு நடந்த தடம். காலால் தடவிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

“கீழ வாறீகளா?” என்று கேட்டாள்.

“இல்ல, மேல போகணும்.”

“இன்னுமா?” என்றாள். தன் தண்ணீரில் பாதியை என் பாட்டிலில் ஊற்றினாள். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வெளுத்த தடத்தைப் பார்த்தபடி தனியாகவே உச்சிக்கு ஏறினேன். மேலே தர்கா வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். கீழே கண்மாய்கள் தகரம் தகரமாக மினுங்கின. இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கி, செங்குத்தான இடங்களில் பாறையைப் பார்த்துத் திரும்பி இறங்கினேன். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸே கிடைத்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர், திட்டு, காற்று வாங்கியது, ஒன்றையும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. “உச்சிக்குப் போயிட்டு வந்துட்டீக. மத்ததச் சொல்லாமலே இருந்திருக்கலாமே” என்றார்.

“நான் சொல்லாம இருந்தா பிள்ளைகளும் சொல்லாம உக்காந்திருக்கும் சார்.”

அவர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். இரண்டு நாள் கழித்து வராந்தாவில் நிறுத்தி, “மொத்தம் எத்தன பிள்ளைக?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்வதில் நான் எதையும் இழக்கவில்லை என்று அந்த மலையில்தான் அறிந்தேன்; ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த முதல் வார்த்தைக்குத் தொண்டையைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சனிக்கிழமையே மறுபடி அடிவாரத்துக்குப் போய் அந்த இரண்டு பெண்களையும் தேடிப் பிடித்து, பத்தொன்பது பெண்பிள்ளைகளோடு நான் ஏறும்போது முன்னால் ஒருத்தியும் பின்னால் ஒருத்தியும் வருவதாகப் பேசி முடித்துவிட்டு வந்தேன்.