ஆர்டர் அக்கா நடத்திய கடைசிக் கூட்டம்

எங்கள் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் சங்கத்தின் தலைவியை ஜூனியர்கள் 'ஆர்டர் அக்கா' என்பார்கள். கூட்டத்தில் யாராவது வாயைத் திறந்தால் போதும், "ஆர்டர்! ஆர்டர்!" என்று மேசையைத் தட்டுவாள். விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த எனக்கு அந்தத் தட்டல் தூக்கத்திலும் கேட்கும்.

ஓர் இடத்தில் அவளால் இருக்க முடியாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே பல் தேய்ப்பாள். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு அரங்கம் பிடிப்பது, நடுவராக வரச்சொல்லி வக்கீல்களைக் கெஞ்சுவது, நாற்காலி இழுத்துப் போடுவது எல்லாம் அவள்தான். போட்டியில் வாதாடுவதும் அவள்தான். வேறு யார் செய்தாலும் அவளுக்குத் திருப்தி வராது. பின்னாலேயே போய்த் திருத்துவாள். அவள் அம்மா போனில் கத்துவார்: "நீ படிக்கப் போனியா, சங்கம் நடத்தப் போனியா?" "ரெண்டும்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுப்பாள்.

சங்கத்தின் விதிகளையும் அவளே எழுதினாள். தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொள்ள சட்ட மாணவர்களை விட்டால் ஆளில்லை. பொதுக்கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேராவது வர வேண்டும். தொடர்ந்து மூன்று முறை ஆள் சேராவிட்டால் சங்கம் கலைந்துவிடும். உறுப்பினர்களுக்குப் பயம் வரட்டும் என்று போட்ட விதி இது. பயம் யாருக்கும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. இரண்டு கூட்டங்கள் அப்படியே போயின.

மூன்றாவது கூட்டத்தன்று கூட்டம் நடக்கும் அறையில் அவளையும் என்னையும் சேர்த்து ஆறு பேர். என்னை இழுத்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினாள். அங்கே முதலாண்டு உறுப்பினர்கள் ஆறு பேர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்க, எந்திரிங்க. கூட்டம் ஆரம்பிக்கணும்."

யாரும் அசையவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் நிமிர்ந்தாள். "கோச்சுக்காதீங்க அக்கா. நீங்க தலைவியா இருக்கிற வரைக்கும் நாங்க வர்றதா இல்ல. ஒரு தடவையாவது எங்களை வாதாட விட்டீங்களா? நாற்காலிகூட எடுத்துப் போட விடல."

எனக்கே சுருக்கென்றது. இவள் ஒரு பிடி பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அந்தப் பெண்ணின் டீ கிளாஸை வாங்கி மேசையில் வைத்தாள்.

"அப்போ வந்து என்னை நீக்குங்க. தீர்மானம் கொண்டு வாங்க, நானே ஓட்டுக்கு விடறேன். ஆனா சீக்கிரம் எந்திரிங்க, நேரமாச்சு."

வந்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தீர்மானத்தைப் படித்த கண்ணாடிப் பெண்ணுக்கு நாக்கு குழறியது. "காரணத்தை முதல்ல சொல்லு. பயப்படாம சொல்லு" என்று இவளே எடுத்துக்கொடுத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தலைவியை நீக்க வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது எட்டு ஓட்டு வேண்டும். ஜூனியர்கள் ஆறு பேரும் கை தூக்கினார்கள், எங்கள் வகுப்பிலிருந்து ஒருவன் தூக்கினான். ஏழு. நான் கையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் நாயாக உழைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். எப்படித் தூக்குவேன்?

ஜூனியர்கள் பைகளை எடுக்க ஆரம்பித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"கையைத் தூக்குடி."

"மாட்டேன்."

"அவங்க போயிட்டா இனிமே வரமாட்டாங்க. சங்கமே இருக்காது. தூக்குடி, சனியனே!"

தூக்கினேன்.

"எட்டு. தீர்மானம் நிறைவேறியது" என்றாள். கண்ணாடிப் பெண்ணைத் தற்காலிகத் தலைவியாக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் காகிதங்களைப் புரட்டினாள், ஒன்று கீழே விழுந்தது. உடனே எழப்போனாள் இவள். இவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். கூட்டம் முடியும்வரை நான் விடவில்லை.