முதல் தண்ணீர்

அந்த நைலான் கயிறு கையை அறுத்த எரிச்சல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு முனை, என்னோடு வேலை பார்த்த, சோதனைக்குத் தண்ணீர் பிடித்துத் தரும் அண்ணனின் இடுப்பில், மறுமுனை என் கையில். ராமேஸ்வரத்தில் மழைநீரும் வீட்டுச் சாக்கடையும் ஒரே கால்வாயில் ஓடிக் கடலில் விழும் இடம் அது. அடைமழையில் கால்வாய் பொங்கும்போது அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்து, அதில் எவ்வளவு கிருமி என்று சோதித்துச் சொல்வது என் வேலை. முடிவு வரும்வரை கரையில் ‘குளிக்காதீர்கள்’ என்ற பலகை நிற்கும். அண்ணன் அந்தக் கரையிலேயே மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். நானோ முதுகுளத்தூர்க்காரி, கண்மாயில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவள்.

கயிறு கையை அறுத்த அன்று, மழை கொட்டத் தொடங்கியதுமே அவர் கால்வாய்ப் படியில் இறங்கப் போனார். முதலில் வரும் தண்ணீரில்தான் அத்தனை அழுக்கும் இருக்கும், அதை விட்டுவிட்டால் வெறும் மழைத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றார். எனக்குத் தெரியாததா? ஆனால் கறுப்பாகச் சுழித்து வந்த தண்ணீரைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கொஞ்சம் வடியட்டும் என்று கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பிடித்த தண்ணீர் பார்வைக்கே தெளிந்திருந்தது.

மறுநாள் சோதனையில் கிருமி குறைவு. தாமதமாக எடுத்தது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏன் தாமதம் என்று மேலதிகாரி கேட்பாரே என்ற பயத்தில் எழுதவில்லை. பலகையை எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி மழை. நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் கயிறு இல்லாமலே இறங்கியிருந்தார். மார்பளவுத் தண்ணீர், ஒரு கை படியோரக் கம்பியில், மறு கையில் பாட்டில். ஏறி வந்து பாட்டிலை நீட்டினார்.

“பலகைய எடுத்துட்டாகன்னு எம்மக கடல்ல எறங்கிருச்சு மேடம். நாலு நாளா ஆசுபத்திரியில கெடக்கு. அன்னைக்கு நீங்க தடுத்தாலும் நான் எறங்கியிருக்கணும். எம்மேலதான் தப்பு.”

நான் பாட்டிலை வாங்கி, பிடித்த நேரத்தை எழுதி அதன்மேல் ஒட்டினேன்.

அவர் பிடித்த தண்ணீரில் கிருமி எக்கச்சக்கம். பலகை திரும்ப வந்தது, மகளும் பிழைத்துக்கொண்டாள். அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் அவரிடம் நான் சொல்லவே இல்லை. அவர் வேலையை விட்டு நின்று சில வருடங்களாகின்றன. இப்போது மழைக்கு முன்பே நான் படியில் போய் நின்றுவிடுகிறேன், தண்ணீரிடம் பயம் விட்டுப் போயிற்று. கடைத்தெருவில் அவர் வருவதைப் பார்த்தால்தான் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுகிறேன்.