கரிமேட்டுக் குட்டிகள்

மெய்னிர் புரோதெரோவின் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு குட்டியின் குளம்பைச் சீவுவதற்கு. நான் லாடம் அடிக்கிறவன். கும் கெலின் பள்ளத்தாக்கில் நாற்பது வருஷமாகக் குதிரைக் கால்களைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். மெய்னிரையும் கிட்டத்தட்ட அத்தனை வருஷமாகத் தெரியும், ஆனால் லாரிக்காரியாகத்தான். சந்தைக்கு ஆடும் மாடும் மட்டக்குதிரையும் ஏற்றிப் போவாள். அவள் வாய்க்குப் பயந்து ஆண்கள் வழிவிடுவார்கள். ஒரு வசந்த காலத்தில், யாரிடமும் காரணம் சொல்லாமல் அந்தத் தொழிலை விட்டாள். அந்த வருஷம் இலையுதிர் காலம் முடிவதற்குள் அவள் கொட்டிலில் முதல் குட்டி வந்து நின்றது.

அதன் தலையைத்தான் முதலில் பார்த்தேன். பால் குடிக்கும் வயதில் யாரோ மாட்டிவிட்ட தலைக்கயிறு. தலை வளர்ந்ததே தவிர கயிற்றை யாரும் தளர்த்தவில்லை. மூக்கின் மேல் கயிற்றைத் தோலே மூடி வளர்ந்துவிட்டது. கால்நடை டாக்டர் வந்து அறுத்து எடுத்திருந்தார். குளம்புகள் கிழவர்களின் வீட்டுச் செருப்பு மாதிரி முன்னால் வளைந்து நின்றன.

"இதைப் பிழைக்க வைக்கப் போறியா? ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டா அதுக்கு நிம்மதி" என்றேன்.

"கெதின், உன்னைக் கூப்பிட்டது குளம்பு சீவ. தீர்ப்புச் சொல்ல இல்ல."

சீவினேன். அதற்குப் பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை போவது வழக்கமாகிவிட்டது. ஒரு குட்டி நான்காயிற்று, நான்கு ஒன்பதாயிற்று. அந்த வருஷங்களில் மலையில் மட்டக்குதிரைகளுக்கு விலையே இல்லை. வளர்ப்பவர்கள் அவற்றை அடுத்தவன் நிலத்தில் அவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊரில் அவளைக் கேலி செய்தார்கள். "மெய்னிருக்குப் புருஷன் கிடைக்கல, நாலு காலோட தேடுறா" என்று மதுக்கடையில் ஒருவன் சொன்னபோது நானும் சிரித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டினி கிடந்த குட்டிக்கு வயிறு நிறையப் போட்டால் செத்துப்போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒரு பிடி ஊறவைத்த உலர்புல், அவ்வளவுதான். குடற்புழு மருந்தும் உடனே கொடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் புழு மொத்தமும் ஒரே நாளில் செத்தால் குட்டியும் போய்விடும். பேன் அரித்த இடத்துக்குத் தைலம். இதெல்லாம் டாக்டர் சொல்லித் தந்தது. ஆனால் பயந்த குட்டியின் அருகே போகும் வழியை அவளே கண்டுபிடித்தாள். கொட்டிலுக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். லாரி இன்ஜின் பழுது பார்க்கும் புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பாள். மூன்றாம் நாளோ முப்பதாம் நாளோ, பின்னாலிருந்து ஒரு மூச்சு அவள் கழுத்தில் படும். அப்போதும் திரும்ப மாட்டாள்.

சில விஷயங்கள் எனக்குப் புரியவில்லை. லாரியை அவள் விற்கவில்லை, முற்றத்திலேயே நிறுத்தியிருந்தாள். ஆடுமாடு ஏற்றும் அதன் சாய்பலகை எப்போதும் இறக்கியே கிடக்கும். மழையில் பலகை உளுத்துப்போகும். மாற்றிப் போடுவாள், மூட மாட்டாள். பழைய சுரங்கத்தின் கழிவு மலையாகக் குவிந்த கரிமேடு வழியாகப் போகும் மேல்ரோட்டில் வண்டி ஓட்டவும் மாட்டாள். டவுனுக்குப் பதினோரு மைல் சுற்றிப் போவாள்.

ஒரு பிற்பகல், மூடுபனி. நான் குட்டியின் காலைப் பிடித்திருந்தேன், அவள் தலையைப் பிடித்திருந்தாள். சட்டென்று அவள் முகம் வெளுத்தது.

"கேட்டுச்சா?"

"என்ன?"

"பலகை மேல ஏறுற சத்தம். குளம்புச் சத்தம்."

வெளியே போய்ப் பார்த்தேன். லாரி காலியாக நின்றது. ஈரப் பலகையில் ஒரு தடமும் இல்லை. "மழைத்தண்ணி சொட்டுது" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. உள்ளபடியே சொன்னால், எனக்கும் ஏதோ கேட்ட மாதிரிதான் இருந்தது.

ஏழாவது குளிர்காலத்தில் லோவ்ரி என்ற பெண்ணிடமிருந்து அவளுக்கு ஃபோன் வந்தது. கைவிடப்பட்ட குதிரைகளை மீட்கும் சங்கம் ஒன்றின் ஆய்வாளர் அவள். மெய்னிரிடம் குட்டிகளை ஒப்படைத்து வந்தவளும் அவள்தான். நான் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"கரிமேட்டுல யாரோ குட்டிங்களை விட்டுட்டுப் போயிருக்காங்க. நேத்து ராத்திரியே பனி கொட்டிடுச்சு. எங்க வண்டி அந்தப் பாதையில ஏறல. உங்க லாரி ஏறுமா?"

மெய்னிர் ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரியைப் பார்த்தாள். பிறகு, "ஏறும். முன்னாடி ஏறியிருக்கு" என்றாள்.

நானும் கூடப் போனேன்; லோவ்ரி தன் வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டாள். கரிமேட்டின் உச்சியில் பனிக்கு அடியில் கருப்பு மண், அதில் முளைக்க எதுவும் இல்லை. இடிந்த சுவரோரம் எட்டுக் குட்டிகள். இரண்டு படுத்திருந்தன, அவற்றின் மேல் பனி கரையாமல் கிடந்தது. மற்ற ஆறில் ஐந்தை மரத்தட்டிகளால் வளைத்து, லோவ்ரியும் நானும் மெல்ல லாரிக்குத் தள்ளினோம். ஆறாவது, கருஞ்சிவப்பில் ஒரு பெண்குட்டி, சுவரை விட்டு நகரவில்லை. நெருங்கினால் செங்குத்தான பக்கம் ஓடப் பார்த்தது.

"கயிறு வீசிப் பிடிச்சிடலாம்" என்றாள் லோவ்ரி.

"யாரும் கிட்டப் போகாதீங்க" என்றாள் மெய்னிர். பனியிலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். புத்தகம் இல்லை. அதனால் தெரிந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள், லாரி ஓட்டிய வழி வரிசையில். இரண்டு மணி நேரம். அவள் உதடு நீலமாகிவிட்டது. கடைசியில் குட்டி வந்து அவள் தோளை முகர்ந்தது. அவள் எழுந்து திரும்பிப் பார்க்காமலே நடந்தாள். குட்டி பின்னால் நடந்து, சாய்பலகையில் தானாக ஏறியது. டக், டக் என்று அந்தச் சத்தம் கேட்டபோது மெய்னிர் லாரியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அடிவாரத்தில் லோவ்ரி தன் வண்டிக்கு மாறிக்கொண்ட பிறகு லாரியில் நாங்கள் இருவர் மட்டும். அப்போதுதான் சொன்னாள்.

"எம்லின் ரோசர் ஞாபகம் இருக்கா?"

குதிரை வியாபாரி. செத்து இரண்டு வருஷமாகியிருந்தது.

"நான் தொழிலை விட்டதுக்கு முந்தின குளிர்காலம். சந்தையில விக்காத பதினோரு குட்டி. 'மேல கரிமேட்டுல கொண்டுபோய் விட்டுடு பொண்ணே, அதுகளே மேய்ஞ்சுக்கும்'னான். எனக்குத் தெரியும் கெதின். அங்க என்ன இருக்கு மேய? ஆனா சாயங்காலம் ஆயிடுச்சு, எனக்கு வீட்டுக்குப் போகணும். இறக்கிவிட்டேன். நான் லாரிக் கதவை மூட வந்ததும் அதுக திரும்ப ஏற வந்துதுக. பலகையில கால் வெச்சு ஏற வந்துதுக. நான் பலகையைத் தூக்கிட்டேன். ஒண்ணு கடைசி வரைக்கும் கால் எடுக்கல. பலகை தூக்கத் தூக்க அதுவும் கூட ஏறி, சறுக்கி விழுந்துச்சு." வளைவில் கியரைக் குறைத்தாள். "பிப்ரவரியில பேப்பர்ல போட்டிருந்தான், பதினொண்ணும் செத்துக் கிடக்குன்னு."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஊர் எல்லை வந்தது.

"நான் பார்த்தேன்" என்றேன். "அந்த ஜனவரியில மேல்ரோட்டுல போனேன். வேலி ஓரமா நின்னுதுக, எலும்பும் தோலுமா. அடுத்த வாரமும் போனேன். எண்ணிக்கை குறைஞ்சிருந்துச்சு. எம்லின் எனக்கு வேலை குடுக்கிறவன். யார்கிட்டயும் சொல்லல."

அவள் லாரியை ஓரமாக நிறுத்தினாள். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "இத்தனை வருஷம் என் வீட்டுல டீ குடிச்சியே" என்றாள். அப்புறம், "நானும்தானே உனக்கு ஊத்தினேன்" என்றாள். மறுபடி வண்டியை எடுத்தாள்.

ஆறில் ஒன்று நான்காம் நாள் போய்விட்டது. ஐந்து பிழைத்தன. மார்ச் மாதத்தில் அந்தக் கருஞ்சிவப்புக்குட்டியின் விலா எலும்பு மறைந்தபோது, மெய்னிர் லோவ்ரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் தடுத்துப் பார்த்தேன். "யாருக்கு என்ன லாபம் அதனால?" என்றேன். "லாபத்துக்காகச் சொல்லல" என்றாள்.

போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கம் அப்படி விடவில்லை. குட்டிகளைக் கைவிட்டவர் பொறுப்பில் குட்டிகளை விடக்கூடாது என்பது அவர்கள் விதி. ஏப்ரலில் லோவ்ரி வண்டியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் மெய்னிர்."

"அழாதம்மா. விதி சரிதான். பழுப்புக்குட்டி பின்னங்காலைத் தொட்டா உதைக்கும், பார்த்துக்கோ. சிவப்புக்குட்டி வாளியைப் பார்த்துப் பயப்படும், தட்டுல வை."

ஒவ்வொன்றாக அவளே ஏற்றினாள். பதினான்கு உயிர்கள். வண்டி போன பிறகு கொட்டில்களைக் கழுவித் துடைத்தாள். மூன்று நாள் யாருக்கும் கதவு திறக்கவில்லை.

சில குட்டிகளை நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த மே மாதத்தில் சங்கத்துக்கு எழுதிப்போட்டேன். நான் பார்த்தும் சும்மா இருந்ததையும் சேர்த்தே எழுதினேன். சும்மா இருந்ததற்கு அவர்களிடம் விதி எதுவும் இல்லைபோல. வந்து என் கொட்டிலைப் பார்த்து, சரி என்றார்கள். பதினான்கில் ஐந்து இப்போது என்னிடம். மெய்னிர் என் வீட்டு வாசலுக்கு வருவாள், கொட்டிலுக்குள் காலெடுத்து வைக்க மாட்டாள். வேலிக்கு வெளியே நின்றபடியே, "உலர்புல்லை இன்னும் ஊற வை, சோம்பேறி" என்று திட்டுவாள்.

சுற்றிப் போகிற பதினோரு மைல் வழியை அவள் விட்டுவிட்டாள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் கரிமேடு ஏறுகிறாள். அறுபத்தெட்டு வயது, ஒரு முழங்கால் வேலை செய்யாது. "அங்க என்ன கேக்குது உனக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாம் கேக்குது. அதனாலதான் போறேன்" என்றாள். இதுவரை மூன்று குளிர்காலம். இருபத்திரண்டு குட்டிகளை அவை உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடித்திருக்கிறாள்.

இன்று காலை சட்டியில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. காற்றுச் சத்தத்தில் அவள் குரல் துண்டுதுண்டாக வந்தது.

"மூணு. ஒண்ணு நொண்டுது. லோவ்ரிகிட்ட சொல்லிட்டேன். நீ சீக்கிரம் வா."

அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.