குணம் மாறிடுச்சு

எங்க வீட்டுல கோபம்னா அது எனக்கு மட்டும்தான்னு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு. பால்காரர்லேர்ந்து மாமியார் வரைக்கும் என் வாயில விழாத ஆளே கிடையாது. என் வீட்டுக்காரரோ வாயில்லாப் பூச்சி. காலையில எங்க ஊர் கோவில்பத்துலேர்ந்து சைக்கிள்ல ஆபீஸ் போவார், சாயங்காலம் வருவார், போட்டதைச் சாப்பிடுவார்.

எண்பதுகளோட தொடக்கம். மழையில சைக்கிள் சறுக்கி, மதகுக் கட்டையில நெத்தி மோதி அவருக்குப் பலமான அடி. தையல் பிரிச்சு வீட்டுக்கு வந்தவர் வேற ஆள். தட்டு விழுந்தா கத்துவார். ரேடியோ பாடினா கத்துவார். ஒருநாள் ரசப் பாத்திரம் சுவத்துல போய் மோதுச்சு. பார்த்தவங்க எல்லாருக்கும் ஒரே பேச்சு: "மனுஷனுக்குக் குணம் மாறிடுச்சு." அம்பகரத்தூர்லேர்ந்து வந்த எங்கம்மா என் பெட்டியையே கட்டிட்டாங்க. "மாறின குணம் திரும்பாதுடி. கிளம்பு, நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

போறதா, இருக்கறதா? பெட்டியை அப்படியே வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"அவருக்குக் குணம் மாறிடுச்சுங்க டாக்டர்"னேன்.

"கோபம் எல்லார் மூளையிலயும்தான் கிளம்புதும்மா. நெத்திக்குப் பின்னால இருக்கற பகுதிதான் அதுக்குப் பிரேக். அங்கதான் இவருக்கு அடி. சத்தத்தைக் குறைங்க, நல்லா தூங்க விடுங்க. கோபம் ஏறுதுன்னு தெரிஞ்சா எழுந்து போகச் சொல்லுங்க. நாளாகும், ஆனா குணமாகும்."

"அப்ப எனக்கு? நான் எங்கயும் விழலையே!"

டாக்டர் சிரிச்சுட்டார். "சிலருக்குப் பொறப்புலயே பிரேக் கொஞ்சம் லூசும்மா. பழகினா அதுவும் பிடிக்கும்."

அடக் கடவுளே, குணம் மாறிடுச்சுங்கறதும் அதே வார்த்தை, குணமாகும்ங்கறதும் அதே வார்த்தை! ரெண்டாவதை நம்பிக்கிட்டு வந்து பெட்டியைப் பிரிச்சேன். அம்மா முறைச்சாங்க. பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தவ, பிரேக் ஞாபகம் வந்து கொல்லைப் பக்கம் போயிட்டேன்.

அப்புறம் அதுவே வழக்கமாச்சு. "ஏறுது"ன்னு சொல்லிட்டு அவர் கொல்லைக்குப் போவார், முகம் கழுவிட்டு வருவார். சில நாள் நான் முந்திக்குவேன். சில நாள் ரெண்டு பேரும் குழாயடியிலயே முட்டிக்குவோம்.

அடுத்த பொங்கல் கழிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை, பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனவர் திரும்பி வந்து உக்காந்தார்.

"குழம்புல உப்பு கம்மி. கத்தலை, சொல்றேன்."

"இன்னிக்கு மட்டுமாங்க?"

"கல்யாணமான நாள்லேர்ந்து."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினேன். பழைய ஆளா இருந்தா சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டார்.