செங்கல் வரைக்கும்

எங்கள் வீட்டு முற்றத்தில், கேட்டுக்கு நான்கடி முன்னால் ஒரு செங்கல் கிடக்கிறது. மழையிலும் உப்புக்காற்றிலும் நிறம் போய், ஒரு மூலை உடைந்த செங்கல். தபால்காரர் இரண்டு முறை அதில் கால் தடுக்கி என்னைத் திட்டியிருக்கிறார். ஓரமாக எடுத்துப் போட்டால் மறுநாள் அதே இடத்துக்கு வந்துவிடும். அதைக் கொண்டுவந்து வைப்பது என் லாத்தா. காயல்பட்டினத்தில் நாங்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். லாத்தாவைக் கட்டிய மச்சானும் அப்படித்தான் வந்தார். வருஷத்தில் பெரும்பகுதி சவூதியில் என்பதால், வந்தார் என்பதைவிட வந்துபோனார் என்பதே சரி. ஒரு விடுமுறையில் வெள்ளை நிறத்தில் ஒரு கார் வாங்கினார். நாற்பது நாள் எங்களை அதில் ஏற்றிக்கொண்டு கரையோரமாகச் சுற்றினார். சவூதிக்குக் கிளம்பும் நாளில் சாவியை லாத்தாவிடம் கொடுத்து, என் காதில் விழும்படியாகவே, “இவன் கையில மட்டும் குடுத்துராதே” என்றார். அதற்கு முந்தின வருஷம் அவருடைய பைக்கை ஒரு மீன் வண்டியில் கொண்டுபோய்ச் சாத்தியிருந்தேன். 

சாவியோடு இரண்டு வேலைகளையும் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கடல்காற்று இரும்பைத் தின்றுவிடும். பேட்டரி செத்துப்போகாமல் இருக்க ஐந்து நிமிஷம் என்ஜினை ஓடவிட வேண்டும். காரில் அதுவரை ஓடியிருந்த கிலோமீட்டரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அது யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

கார் நின்றது கொல்லைப்பக்கத்துக் கொட்டகையில். மண்தரை, தண்ணீர் ஊற்றினால் சேறு. கழுவுவதானால் கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டு போட்ட இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் வேலை பார்த்த கணினிக் கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நானும் லாத்தாவும் உம்மாவும் சேர்ந்து தள்ளுவோம். கழுவி முடித்து மறுபடி பின்னால் தள்ளுவதற்குள் உம்மாவுக்கு மூச்சு இரைக்கும். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, பேட்டரிக்காகக் கொட்டகையில் என்ஜினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த லாத்தா கண்ணாடியை இறக்கினாள்.

“ஓடிக்கிட்டுதானே இருக்கு. இதை அப்படியே அங்கன கொண்டுபோய்ட்டா என்ன?”

“ஒனக்கு ஓட்டத் தெரியுமா?”

“அவங்க பக்கத்துல ஒக்காந்து நாப்பது நாளு பாத்திருக்கேன்.”

கார் ஒரு குதி குதித்து நின்றுபோனது. அடுத்த வாரம் மூன்று குதி. அதற்கடுத்த வாரம் கேட்டில் மெல்ல முட்டியது. அன்றைக்குத்தான் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் அந்தச் செங்கலை வைத்தாள். இரண்டு மாதத்தில் முன்னால் வருவதும் பின்னால் போவதும் படிந்துவிட்டது. கழுவும் வேலை முடிந்த பிறகும் துடைத்த ஈரம் காயட்டும் என்று சொல்லி இன்னும் இரண்டு தடவை போய்வருவாள்.

கழுவுவதிலும் அவள் குறை வைக்கவில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளியாகப் பூத்துவிடும். முதலில் போர் தண்ணீரில் மண்ணையும் அழுக்கையும் எடுத்து, சக்கரங்களுக்கு உள்ளே கைவிட்டு அலசி, கடைசியில் இரண்டு வாளி குழாய்த் தண்ணீரை ஊற்றி, பழைய கைலித் துணியால் ஈரம் போகத் துடைப்பாள். நான் வாளி சுமப்பேன். ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வீட்டுக்கு வரும் நேரத்தில் மச்சானின் போன் வரும்.

“கார் கழுவியாச்சா?”

“ஆச்சு.”

அவ்வளவுதான். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த முறை அவருக்கு விடுமுறை கிடைக்க இரண்டு வருஷம் பிடித்தது, அதுவரை இப்படியே போயிற்று.

அடுத்த விடுமுறைக்கு வந்த மச்சான், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்தார். பர்ஸிலிருந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று கிலோமீட்டர் கூடியிருந்தது. என்னைத்தான் கூப்பிட்டார்.

“ஏலே, எங்கன கொண்டு போனே?”

செய்யாத தப்புக்குச் சத்தியம் செய்வது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. லாத்தாவைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. அவள்தான் வாசலுக்கு வந்தாள்.

“அவன் கேட்டைத் தாண்டலை. அந்த மூணு கிலோமீட்டரும் கழுவுனது.”

மச்சானுக்குப் புரிய நேரம் பிடித்தது. கொட்டகையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், செங்கலைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பேசுனேனே. ஒரு வார்த்தை சொன்னியா?”

“நீங்க கழுவியாச்சான்னுதானே கேட்டீங்க.”

அவர் துண்டுச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்று மாலை அஸர் தொழுதுவிட்டு வந்தவர் லாத்தாவிடம் சாவியை நீட்டி, “ஓட்டு, பாப்போம்” என்றார். கொட்டகையிலிருந்து கார் ஒரு குலுக்கல் இல்லாமல் வந்து, சக்கரம் செங்கலைத் தொட்டதும் நின்றது. மச்சான் குனிந்து செங்கலை எடுத்து ஓரமாக வைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டைத் திறக்கச் சொன்னார்.

நான் திறந்தேன். எதிரே தெருச் சுவர், போக வேண்டுமென்றால் வலமோ இடமோ திரும்ப வேண்டும். லாத்தா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“திருப்பத் தெரியாதுங்க” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் ஓட்டியும் அவள் ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டி வந்ததில்லை. வாளியோடு பக்கத்திலேயே நின்ற எனக்கு அது உறைக்கவும் இல்லை. சிரித்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அந்த வாரமே மச்சான் அவளைத் திருச்செந்தூரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

மச்சான் இன்னும் சவூதியில்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை போன் இன்னும் வருகிறது. லாத்தாவிடம் இப்போது, “இந்த வாரம் எங்கனயெல்லாம் போனே?” என்றுதான் ஆரம்பிக்கிறார். அவள் தூத்துக்குடிக்குத் துணி எடுக்கப் போனது, வழியில் டயர் பஞ்சர் ஆனது, கொற்கைப் பக்கம் வயல்களுக்கு நடுவே வழி தவறியது எல்லாவற்றையும் சொல்ல ஒரு மணி நேரம் ஆகிறது. ஊர் சுற்றுகிறவளுக்குக் கழுவ நேரமில்லை, அந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது. கொட்டகையிலிருந்து காரை நானே எடுக்கலாம், செங்கல் வரைக்கும். அதற்கு மேல் அனுமதி இல்லை. பேசி முடித்ததும் லாத்தா போனை என்னிடம் நீட்டுவாள்.

“ஏலே, கார் கழுவியாச்சா?” என்பார் மச்சான்.