வசனக் காலண்டர் இருந்த இடம்

எனக்கு அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு. ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் தெரியாது. எழுத உட்கார்ந்தால் பாதியில் எதற்கு உட்கார்ந்தேன் என்பதே மறந்து போகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் வராது, அதனால்தான் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கும், எங்களைப் போல ஊரை விட்டு இந்தப் பக்கம் வந்து கிடக்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். பேர்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் தெருக்காரர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும், தெரியட்டும்.

மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டு முன்னால் காலை ஐந்தரைக்குக் கம்பெனி வண்டி வந்து நிற்கும். உள்ளே இருக்கிற பிள்ளைகள் "வள்ளி, ஏய் வள்ளி" என்று கத்துவார்கள். மூன்று வருஷமாகக் கேட்கிறேன். இன்னும் ஒரு நிமிஷம், வேறு வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் தோன்றும். அதற்குள் என் தம்பி மகள் சில்லா தலையை முடிந்துகொண்டு, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவாள். அட்டையில் வள்ளி என்று போட்டிருக்கும். வீட்டிலும் ஜெபக்கூட்டத்திலும் அவள் பிரிசில்லா. என் தம்பி கம்பெனியில் முருகன், வீட்டில் சாமுவேல். நான் ரேஷன் கார்டில் பேச்சியம்மாள். ஜெபக்கூட்டத்தை விட்டால், நான் எஸ்தர் என்று தெரிந்தவர்கள் இந்த ஓசூரில் மூன்று பேர்தான், மூன்று பேரும் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஆளுக்கு இரண்டு பேர் வைத்துக்கொள்வது ஊரில் எங்களுக்குப் பாரமாக இருந்ததில்லை. தெற்கே, தேரிச் செம்மணலுக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. பள்ளிக்கூடத்து வாத்தியாரும், நாங்கள் கோயில் என்று சொல்லும் சர்ச்சின் உபதேசியாரும் ஒரே ஆள். ஒன்றாம் கிளாசில் சேர்க்கும்போது, "எஸ்தர்னு போட்டா இதுக்கு நோட்டும் கிடைக்காது, பாவாடையும் கிடைக்காது. பேச்சியம்மாள்னு போடுதேன்" என்று அப்பாவிடம் சொல்லி அவரே எழுதினார். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவர் வாயால் எஸ்தர், திங்கட்கிழமை அதே வாயால் பேச்சியம்மாள். பட்டியல் சாதிக்காரர் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தால் சர்க்கார் சலுகை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். ஆம்பளைப் பிள்ளை பிறந்த வீடுகளில் சில பேர், "தண்ணி தெளிங்கய்யா, நோட்டுல மட்டும் எழுத வேண்டாம்" என்று கேட்டுக்கொள்வார்கள். அவரும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் பதிவேட்டை மூடிவைத்துவிடுவார். ஊரே அறிந்த ரகசியம் அது. எல்லோருக்கும் தெரிந்த பிறகு அதில் என்ன ஒளிவு இருக்கிறது?

இங்கே வந்தபிறகுதான் அது நிஜமாகவே ரகசியமாகிவிட்டது. ஒரு பக்கத்து வீட்டில் தெலுங்கு, இன்னொரு பக்கத்தில் கன்னடம், மாடியில் சேலத்துக்காரர்கள். யாருக்கும் நம் முன்கதை தெரியாது. காகிதத்தில் இருப்பதுதான் நாம். தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தகரக் கூரை ஹாலில் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறோம். போன வருஷம் இரண்டு பையன்கள் வெளியே வண்டியை நிறுத்தி போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எதுவும் நடக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடுகிறோம். வெயில் நாளில் மூச்சு முட்டும்.

சில்லா மூன்று வருஷமாக ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்து, சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி, போன மாசம் பாஸாகிவிட்டாள். பட்டியல் சாதிப் பிரிவில். பழைய சாதிச் சான்று செல்லாது, புதிதாகக் கம்ப்யூட்டரில் எடுத்த சான்று வேண்டும் என்றார்கள். தம்பி போய் விண்ணப்பம் போட்டு வந்தான். அதற்கு வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து விசாரிப்பார். சான்று கிடைத்தால் வேலை. கிறிஸ்தவள் என்று ஆகிவிட்டால் பிற்பட்டோர் பட்டியலுக்குப் போகவேண்டும். அங்கே அவள் வாங்கிய மார்க் பத்தாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில்தான் சண்டை ஆரம்பித்தது. ஊர்க் கோயிலிலிருந்து வருஷா வருஷம் வரும் வசனக் காலண்டர், தினம் ஒரு வேத வசனத் தாள் கிழிப்போமே அது, முன்ரூம் சுவரில் மாட்டியிருக்கும்.

"ஏட்டி சில்லா, வி.ஏ.ஓ. இந்த வாரம் வருவாராம். அந்தக் காலண்டரக் கழட்டி உள்ள வையி" என்றான் தம்பி.

"எதுக்குப்பா? அது என்ன திருட்டுச் சாமானா?"

"ஒரு வாரம் உள்ள கெடக்கட்டும்னு சொல்லுதேன்."

"அப்ப ஆண்டவருக்கும் ஒரு வாரம் லீவு கொடுத்து அனுப்பிடலாமா?"

தம்பி பெண்டாட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பு ஊற்றினாள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இருபத்தாறு வருசம் கம்பெனி லைன்ல நின்னுருக்கேன். ராத்திரி முழங்கால் ரெண்டும் எங்கிட்ட பேசுது. நீயும் நிக்கணுமா? மொதல்ல ஒரு நாற்காலியில உக்காரு. உக்காந்துகிட்டு உன் நியாயத்தப் பேசு."

"உக்காந்தவங்க யாருப்பா அப்புறம் எந்திரிச்சுப் பேசியிருக்காங்க?"

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவளும் விடவில்லை. "அந்த ஆபீசர் வந்து கேட்டா நான் உள்ளதைச் சொல்லுவேன். கும்பிடுற சாமிய மாத்தினா சாதி மாறிப்போகும்னு சட்டம் சொல்லுதுல்ல, அந்தச் சட்டத்தைக் கொண்டுபோயி நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டத்துல வாசிச்சுக் காட்டுங்க. தாத்தாவை எந்தச் சாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைச்சிருக்காங்கன்னு பாருங்க. கிறிஸ்தவளாவும் இருப்பேன், எனக்குள்ளதையும் கேப்பேன். ரெண்டையும் கேக்கத்தான் ஓட்டு."

ஓட்டு என்றதும் பேச்சு வேறு பக்கம் போனது. எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரே கட்சி, ஒரே சின்னம். நம்ம ஜனத்துக்கு அவர்கள்தான் காவல் என்று தம்பி நம்புகிறான். சில்லாவும் அவளோடு லைனில் நிற்கிற பிள்ளைகளும் புதிதாக வந்த கட்சிக்காரர்கள் பக்கம் சாய்கிறார்கள்.

"அவங்க கொடி கலர் தெரியும். கொள்கை என்னன்னு ஒரு வரி சொல்லு பாப்போம்" என்றான் தம்பி.

"நீங்க போடுறது பயத்துல போடுற ஓட்டுப்பா. அது ஜன்னலைச் சாத்திட்டுப் பாடுற மாதிரி."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான். சில்லா என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கத்தே." நான் என்ன சொல்வது? கல்யாணம் ஆகாமல் தம்பி வீட்டோடு இருக்கிறவள். அவன் பேசும்போது அவன் சொல்வது சரி என்று படுகிறது, அவள் பேசும்போது அவள் சொல்வது சரி என்று படுகிறது. "சோறு ஆறுது, தின்னு" என்றேன்.

வியாழக்கிழமை மூன்று பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தம்பி பெண்டாட்டிக்கு ரோஜாப் பண்ணையில் பூ கட்டுகிற வேலை, பொழுது சாயத்தான் வருவாள். மத்தியானம் வீட்டுக்காரம்மா சரோஜம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவர்கள் தெலுங்குக்காரர்கள், எங்களுக்கு நல்ல மாதிரி. "அக்கா, ஆபீசர் வந்துட்டார். எங்க வீட்டுல காபி குடிக்கிறார். உங்களப் பத்தி கேட்டார், நல்லவங்கன்னு மட்டும் சொன்னேன். அஞ்சு நிமிசத்துல இங்க வருவார்."

சில்லா சொன்னதெல்லாம் அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வரவில்லை. தம்பியின் முழங்கால்தான் வந்தது. காலண்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். சரோஜம்மாவிடம், "கொஞ்சம் குங்குமம் தருவீங்களா?" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கையில் வேதப்புத்தகப் பையோடு போகிறவளை அவருக்குத் தெரியாதா? ஒன்றும் கேட்காமல் தன் நெற்றிக் குங்குமத்தையே விரலால் தொட்டு எனக்கு வைத்தார். "கோணலா இருக்கு, இருங்க" என்று துடைத்து, மறுபடியும் வைத்தார்.

வந்தவர் சின்ன வயசுக்காரர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் பேர் கேட்டார், பேச்சியம்மாள் என்றேன். குலதெய்வம் கேட்டார், சுடலைமாடன் என்றேன். எங்கள் தாத்தாவுக்கு அதுதானே. சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவரும் எழுதிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். எல்லாம் முடிந்தது. "வர்றேம்மா" என்று எழுந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அறுபது வருஷமாக வீட்டை விட்டுப் போகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "தோத்திரம்யா" என்று கிறிஸ்தவர்கள் சொல்லும் வணக்கமே வந்துவிட்டது.

ஹெல்மெட்டைத் தலையில் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். என் நெற்றியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அங்கே ஆணியும், அதற்குக் கீழே காலண்டர் அளவுக்கு மட்டும் வெள்ளையாக ஒரு கட்டமும் இருந்தன. வருஷம் முழுக்கப் புகை படாத இடம். உள்ளே வந்ததும் அவர் அதைப் பார்த்திருக்கலாம். நான்தான் பார்க்கவில்லை.

"உக்காருங்கம்மா, பயப்படாதீங்க" என்று அவரும் மறுபடி உட்கார்ந்தார். "பொண்ணோட அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்காங்களா? அதை வச்சுதான் பொண்ணுக்குச் சான்று."

"எனக்கு ஞாபகம் இல்லைய்யா."

அது பொய் என்று அவர் நினைத்திருப்பார். பொய் இல்லை. தம்பி பிறந்தபோது எனக்கு ஏழு வயசு. வெள்ளைத் துணியில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் படி ஏறியது ஞாபகம் இருக்கிறது. அது தம்பியா, சித்தி பிள்ளையா என்று எவ்வளவு யோசித்தும் முகம் வரவில்லை. உபதேசியார் நோட்டில் எழுதினாரா, மூடிவைத்தாரா என்பதும் தெரியவில்லை.

"ஊர்ல பதிவு இருக்கா, இல்லையான்னு சர்ச்சுல ஒரு லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ரிப்போர்ட் எழுதாம வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பிள்ளை. அதட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

சாயங்காலம் சில்லா வந்ததும் ஆணியைப் பார்த்தாள், பிறகு என் நெற்றியை. துடைத்த இடம் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். "தோத்திரம் சொன்னீங்களா? ஆபீசருக்கா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நின்றபோது கண் நிறைந்திருந்தது. "எனக்காகத்தான் செஞ்சீங்க, தெரியுது. ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கலியே அத்தே." தம்பி வந்து கேட்டுவிட்டு, "ஒத்த வார்த்தையை முழுங்க முடியலையாக்கா உனக்கு?" என்றான். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சின்ன வயசில் நான் இடுப்பில் சுமந்த பிள்ளை.

காலண்டர் இன்னும் டிரம்முக்குள்தான் கிடக்கிறது. திரும்ப மாட்டினால் தம்பிக்குக் கோபம் வரும். டிரம்மிலிருந்து எடுத்து வேறெங்காவது ஒளித்தால் சில்லாவுக்கு. உலைக்கு அரிசி எடுக்கப் போகும்போது நானே அன்றைய தாளைக் கிழித்து, அரிசித் தூசியைத் தட்டி, படித்துவிட்டு முந்தானையில் முடிந்துகொள்கிறேன். இந்த ஊர்க் குளிருக்கு நான் இன்னும் பழகவில்லை, அடுப்படியில் நின்றுதான் படிப்பேன். ஜன்னல் சாத்திய ஹாலில் கேட்பதைவிட அது எனக்கு நன்றாகக் கேட்கிறது. அப்படிச் சொல்வது பாவமோ என்னவோ.

ஊருக்கு எழுத வேண்டாம், நாள் ஓடினால் அந்த ஆபீசர் மாற்றலாகிப் போய்விடுவார் என்கிறான் தம்பி. இந்தத் தடவை நான் சில்லாவிடம் கேட்டேன். "எழுதுங்கத்தே. பதிவேட்டுல என்ன இருக்கோ அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இல்லைன்னு வந்தா, எங்க அப்பா பேரு காகிதத்துல இல்ல, நான் மட்டும் கிறிஸ்தவள்னு சொல்லிட்டுக் கொடுப்பேன்" என்றாள். அப்படிச் சொன்னால் வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வண்டி வந்து, வள்ளி வள்ளி என்று கூப்பிட்டார்கள்.

அதனால் ஊரில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில் பீரோவில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும், கறுப்பு அட்டை, ஓரம் கரையான் அரித்தது. என் பேர் இருக்கிற பக்கத்திலிருந்து ஏழெட்டு வருஷம் தள்ளி என் தம்பி பேர் இருக்கிறதா என்று யாராவது பொறுமையாகப் பாருங்கள். நான் சொன்ன வருஷக் கணக்கு தப்பாகவும் இருக்கலாம், முன்னே பின்னே இரண்டு பக்கம் புரட்டுங்கள். இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள். எங்கள் மேல் உங்களுக்கு உள்ள பிரியம் எனக்குத் தெரியும். அந்தப் பிரியத்தில், எங்களுக்கு எது நல்லது என்று யோசித்து மட்டும் எழுதிவிடாதீர்கள்.