பிலோமி நம்பிய டாக்டர்

அந்த எழுத்தாளரின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் வாயால் அவருக்கு இன்னொரு விளம்பரம் எதற்கு? டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் பதினெட்டு வருடம் லெண்டிங் லைப்ரரி நடத்தியவன் நான். அதில் பாதிக் காலம் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறேன். அது போதும்.

மாதம் ஒரு பாக்கெட் நாவல். கதாநாயகன் டாக்டர் அறவாழி, பிணப் பரிசோதனை செய்கிறவர். ஆரம்பத்தில் வந்த முப்பது, முப்பத்தைந்து புத்தகங்கள் எப்படி இருக்கும் தெரியுமா! அறவாழி ஓட மாட்டார், கத்த மாட்டார். செத்தவனின் ஒரு நகத்தை மூன்று பக்கத்துக்குப் பார்ப்பார். நாலாவது பக்கத்தில் உண்மை வந்து நிற்கும். தேதி ஐந்தானால் ஹார்பர் ஆட்கள், ரயில்வே ஆட்கள், லேத்துப் பட்டறை ரஷீது என்று கடை வாசல் நிறைந்துவிடும். "இவரு சும்மா எழுதுறவரு இல்ல. பிணவறையில டாக்டருங்க பக்கத்துல நின்னு பாத்துட்டுதான் எழுதுறாரு" என்று எல்லாரிடமும் சொல்வேன். பிலோமியிடமும் சொன்னேன்.

பிலோமிக்கு ராயபுரத்தில் வீடு, இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. கம்பெனி வேன் டோல்கேட்டில் இறக்கிவிடும்; புத்தகம் மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள். புருஷன் கஸ்பார் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவன். தொண்ணூற்றாறு டிசம்பரில் ஒரு காலை, காசிமேடு ஹார்பர் தண்ணீரில் மிதந்தான். குடித்திருந்தான். தண்ணீரில் மூழ்கி இறந்தான் என்று ஆஸ்பத்திரிக் காகிதம் சொன்னது. விழுந்தானா, குதித்தானா என்று அது சொல்லவில்லை.

அது சொல்லாததை ஊர் சொன்னது. முந்தின நாள் இரண்டு பேருக்கும் தெருவே கேட்கும்படி சண்டை. "இனிமே வூட்டுக்கு வராத, எங்கியாவது போயி சாவு!" என்று பிலோமி கத்தியது எல்லார் காதிலும் விழுந்திருந்தது. கல்லறையில் மண் போட்டு முடிப்பதற்குள் கஸ்பாரின் அக்கா இருதயம்மாள் நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட்டாள்: "குதிக்க வெச்சதே இவதான்." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் ஜானட்டுக்கு அப்போது எட்டு வயது.

தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் பிலோமி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். அந்த மாதக் கதையில் காசிமேட்டுத் தண்ணீரில் ஒரு மீனவன் பிணம். குதித்துவிட்டான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அறவாழி பிணத்தின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்க்கிறார். நீள நீளமாகக் கீறல்கள். ஹார்பர் சுவரில் ஒட்டியிருக்கும் சிப்பி கிழித்தது. 'சாக நினைத்தவன் சுவரைப் பிடிக்க மாட்டான். இவன் பிடித்திருக்கிறான். கடைசி மூச்சு வரை வீட்டுக்குப் போகத்தான் பார்த்திருக்கிறான்' என்கிறார் டாக்டர்.

"பாய், இவரு சொல்றது நெசமா?" என்று கேட்டாள் பிலோமி. "நான்தான் பாய் அவருக்கு ஒடம்பு தொடச்சி வுட்டேன். ரெண்டு கையிலயும் கீறல் இருந்திச்சி. தெனம் இறால் உரிக்கிறவ நான். முள்ளு குத்துனதுக்கும் சிப்பி கிழிச்சதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"நெசந்தாம்மா. டாக்டருங்கள கேக்காம இவரு ஒரு வரி எழுத மாட்டாரு."

கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு வருடமாக அடக்கி வைத்த அழுகை. அந்தப் புத்தகத்தை அவள் திருப்பித் தரவே இல்லை. தொலைந்துவிட்டது என்றாள். பொய் என்று தெரிந்தும் நான் கேட்டுக்கொண்டேன். ஜானட்டை உட்கார வைத்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாளாம். அதற்குப் பிறகு அந்தப் பெண், அப்பா ஏன் செத்தார் என்று கேட்பதை விட்டுவிட்டது.

அப்புறம்தான் எழுத்தாளருக்குப் பவிசு வந்தது. மாதம் ஒன்று, மாதம் நாலு ஆனது. பிணத்தைத் தொட்டுப் பார்க்க அறவாழிக்கு நேரமில்லை. கார் ஓட்டினார், மாடியிலிருந்து குதித்தார். முதல் அத்தியாயத்தில் கத்திக்குத்துப்பட்டுச் செத்தவன் ஆறாவது அத்தியாயத்தில் கழுத்து நெரிபட்டுச் செத்திருந்தான். டாக்டரின் மனைவி இருபத்திரண்டாவது புத்தகத்தில் இறந்துபோனாள்; அறுபத்தொன்றில் காபி கொண்டு வந்து வைத்தாள். "இன்னா பாய், உன் டாக்டரு நம்பள கேணையன்னு நென்ச்சிக்கினாரா?" என்று ரஷீது புத்தகத்தை மேஜையில் வீசினான். எனக்கும் எரிச்சல்தான். வீசியதை எடுத்துத் தட்டி அலமாரியில் வைத்தேன். என் கடை அவரை நம்பித்தானே ஓடியது.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு நாள் பிலோமி வந்து புதுப் புத்தகத்தை என் முன்னால் விரித்தாள். அறவாழி உதவியாளனிடம் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: 'காசிமேட்டில் குதித்துத் தற்கொலை செய்துகொண்டானே ஒரு மீனவன், ஞாபகம் இருக்கிறதா?' ஒரே ஒரு வரி. கதைக்கும் அதற்கும் சம்பந்தம்கூட இல்லை.

"ஜானட் இத படிச்சிட்டா பாய். அப்போ அப்பாவும் குதிச்சாராம்மான்னு கேக்கிறா. நான் இன்னா சொல்லட்டும்?"

கோபம் தலைக்கேறியது எனக்கு. முகவரி விசாரித்து, அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு மாம்பலத்திலிருந்த எழுத்தாளர் வீட்டுக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பதாக உத்தேசம். மனிதர் உட்கார வைத்து, காபி கொடுத்து, அந்த வரியைப் பார்த்தார்.

"அப்படியா வந்திருக்கு? நான் கதையை மட்டும்தாம்மா சொல்றேன். வேற ஆளுங்க எழுதிடறாங்க. பழசையெல்லாம் யார் ஞாபகம் வெச்சிருக்காங்க?"

"நான் வெச்சிருக்கேன் சார்" என்றாள் பிலோமி. தொலைந்துபோனதாகச் சொன்ன அந்தப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தாள். "இது நெசமா, அது நெசமா?"

"ரெண்டும் கதைதானேம்மா."

"இந்தக் கை கீறல்?"

"அதுவா! நல்லா வந்திருந்துச்சு இல்ல? நானே யோசிச்சது."

"பிணவறையில டாக்டருங்க கூட நின்னு பாத்தது இல்லியா?"

"நானா? ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வந்துடும் எனக்கு!" என்று சிரித்தார்.

பிலோமி சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கேட்க நினைத்திருந்த நாலு வார்த்தையைக் கேட்காமலேயே நான் எழுந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தோம். அப்புறம் கேட்டாள்: "பிணவறை சங்கதிய உனக்கு யாரு பாய் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. புக்கு ஓடணுமேன்னு நானா சொல்லிக்கிட்டது."

"அந்த ஆளு கதை எழுதறவரு. நீ எம் மூஞ்சிய பாத்து சொன்ன பாய்."

அவள் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"கீறல் இருந்திச்சி. அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. அதுக்கு நீங்க ரெண்டு பேரும் சொன்ன அர்த்தம்தான் பொய்யி."

பஸ் வந்தது. புத்தகத்தை என் கையில் திணித்தாள். "உன்னுது, வெச்சிக்கோ. ஜானட் வூட்ல காத்துக்கினு கீறா. நீயே வந்து அவளுக்கு சொல்லு. நல்லா சொல்லுவியே நீ."

அவள் ஏறினாள். அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன். போகவில்லை. அதற்கப்புறம் பிலோமி என் கடைப் பக்கம் வந்ததும் இல்லை. கடையை மூடி, காலடிப்பேட்டையில் வீட்டோடு இருக்கிறேன். புத்தகம் அந்தக் கவரோடு அலமாரியில் இருக்கிறது. இங்கிருந்து ராயபுரத்துக்கு ஒரே பஸ்தான்.